எலுமிச்சை பிழிந்தால் ரத்தம் மஞ்சளாகுமா?

மாந்திரீகம், துப்பறிதல், காதல் மூன்றும் கலந்து தொடர்கதை எழுதும் வாசகர்களின் கேள்விகளும் எங்கள் பதில்களும்.

கேள்வி (மன்னார்குடி வாசகி): என் நாயகி மை போட்டுப் பார்ப்பவள். வெற்றிலையில் மை தடவி உற்றுப் பார்த்தால் கொலைகாரன் முகம் தெரிந்துவிடுகிறது. நாயகன் எஸ்.ஐ.க்கு வேலையே இல்லை. நாலாவது அத்தியாயத்தில் நிற்கிறேன்.

பதில்: முகத்தைக் காட்டாதீர்கள். ஒரு கை, அறுந்த செருப்பு, படித்துறையில் உடைந்த மூன்றாம் படி, இதற்கு மேல் வேண்டாம். இடம் தெரிந்தால் நேரம் தெரியக்கூடாது. அமாவாசைக்கு ஒரு முறைதான் மை பேசும் என்று வரம்பு வையுங்கள். விலையும் வேண்டும்: ஒரு முறை பார்த்தால் மூன்று நாள் வலக்கண் மங்கும் என்று வைத்தால், பின்னால் கொலைகாரன் வலப்பக்கமாகத்தான் வர வேண்டும். செலவாகாத விலையை வாசகர் மதிக்கமாட்டார்.

மாந்திரீக ஏடுகளில் எட்டு கர்மங்கள் சொல்வார்கள்: வசியம், மோகனம், தம்பனம், உச்சாடனம், ஆகர்ஷணம், பேதனம், வித்வேஷணம், மாரணம். எட்டையும் அவள் கையில் கொடுத்தால் கதை நகராது, இரண்டு போதும். முக்கியமாக, வசியத்தை முதல் அத்தியாயத்திலேயே பூட்டிவிடுங்கள். இல்லையென்றால் அவன் அவளை விரும்பும் ஒவ்வொரு இடத்திலும், இது மனசா மந்திரமா என்று வாசகர் சந்தேகப்படுவார். குருவிடம் செய்த சத்தியம் என்ற பூட்டு போதாது, சத்தியத்தை மீறலாம். விதியாகவே வையுங்கள்: வசியப்பட்டவருக்கு வசியம் போட்டவரின் முகம் மறந்துபோகும். அப்புறம் அவன் ஸ்டேஷனில் தனியாக உட்கார்ந்து, அவள் இடது மூக்குத்தியில் ஒரு கல் உதிர்ந்திருப்பதை நினைத்துக்கொள்கிறான் என்று ஒரே வரி எழுதுங்கள். அவன் காதலில் மந்திரம் இல்லை என்பதற்கு அந்த ஒரு வரி போதும்.

எஸ்.ஐ.க்கு வேலை எங்கே என்றால், கேஸ் டைரியில் ‘மையில் தெரிந்தது’ என்று எழுத முடியாது. அவள் கண்டதை எல்லாம் அவன் வேறு வழியில் மறுபடி கண்டுபிடிக்க வேண்டும். அவளுக்குத் தெரியும், அவனால் நிரூபிக்க முடியவில்லை. காதலை இந்த இடைவெளியில் வளருங்கள். சாட்சி கிடைப்பதற்கு முந்தின நாள் அவன் அவளை நம்பிவிட வேண்டும். சாட்சி கிடைத்த பிறகு நம்பினால் அது வெறும் விசாரணை.

கேள்வி (பாபநாசம் வாசகர்): வாசலில் ரத்தம் தெளித்து யாரோ செய்வினை வைத்ததாக ஊரே நம்புகிறது. அது ரத்தமில்லை என்று நாயகி மந்திரம் இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பாள்?

பதில்: ஆரத்தித் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும். மஞ்சளில் உள்ள நிறப்பொருள் காரம் பட்டால் சிவந்து, புளிப்பு பட்டால் மறுபடி மஞ்சளாகும். அதில் எலுமிச்சை பிழிந்தால் விழுந்த இடத்தில் சிவப்பு விலகி மஞ்சள் வட்டம் விரியும். ரத்தத்தில் எத்தனை பழம் பிழிந்தாலும் மஞ்சள் வராது.

இந்தக் காட்சியில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நாயகி முழுக்கறையிலும் பிழிந்தால் தடயம் அழிந்தது. முதலில் நாயகன் சுத்தமான பஞ்சில் கறையை ஒற்றி, நிழலில் காயவைத்து, காகித உறையில் போட்டு முத்திரை வைக்கட்டும். பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு அடைத்தால் பூசணம் பிடித்து மாதிரி கெடும். அப்புறம் ஓரத்தில் ஒரு சொட்டு மட்டும். அதையும் ஈரம் காயுமுன் செய்ய வேண்டும். அவள் பிழிகிறாள், அவன் டார்ச் பிடிக்கிறான், இரண்டு தலையும் ஒரே திண்ணையோரத்தில் குனிந்திருக்கின்றன. பதினைந்து வரி தாராளமாக எழுதலாம்.

ஒரு வேண்டுகோள். செய்வினைப் பழி பெரும்பாலும் தனியாக வாழும் பெண் மீதுதான் விழும். அந்த வதந்தியைக் கிளப்பியவனுக்கு ஒரு லாபம் இருக்கட்டும். மனை, வாய்க்கால் வரப்பு, வாரிசுச் சண்டை ஏதாவது. ஊர்மக்களை முட்டாள்களாகக் காட்ட வேண்டாம்.

கேள்வி (திருத்துறைப்பூண்டி வாசகி): மே மாதப் பௌர்ணமியில் வெண்ணாற்றில் பிணம் மிதப்பதாகத் தொடங்கியிருக்கிறேன். சரிதானே?

பதில்: மே மாதம் வெண்ணாற்றில் மணல்தான் இருக்கும். காவிரியின் கிளையான அதற்குத் தண்ணீர் தரும் மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும். திறந்த தண்ணீர் கல்லணை வந்து சேர ஏறக்குறைய மூன்று நாள், கடைமடைக்கு இன்னும் கூடுதல் நாள். ஆண்டையும் பாருங்கள்: 2024-இல் ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். பௌர்ணமிதான் வேண்டுமென்றால் கதையை ஆடிக்குத் தள்ளுங்கள். பதினெட்டாம் பெருக்குக்குப் படித்துறையில் விட்ட காதோலை கருகமணிக்கு நடுவே பிணம் ஒதுங்கினால் தொடக்கம் இன்னும் கனக்கும்.

மூழ்கிச் செத்ததா, செத்தபின் போட்டதா என்பதற்கு டயாட்டம் சோதனை இருக்கிறது. நீரில் வாழும் நுண்பாசி அது. இதயம் துடிக்கும்போது தண்ணீரை உள்ளே இழுத்தால் ரத்தத்தோடு ஓடி எலும்பு மஜ்ஜை வரை போகும். ஆய்வகத்தில் பெரும்பாலும் தொடை எலும்பில் தேடுவார்கள். பிணம் கிடைத்த இடத்துத் தண்ணீரையும் ஒப்பிட அனுப்ப வேண்டும். ஆற்றில் கிடைத்த உடலில் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டு உப்பங்கழியின் வகைகள் இருந்தால் கொலை நடந்த இடமே மாறிவிடுகிறது, உங்கள் நாயகியும் மை போட்டுப் பார்ப்பவள் என்றால், அவள் மையில் கண்ட சேறும் பொருந்திவிடும். ஆனால் டயாட்டம் தனியாக எதையும் முடிக்காது, துணைச் சான்றுதான்.

சந்தேக மரண எஃப்.ஐ.ஆர். 1.7.2024-க்கு முன் என்றால் குற்ற விசாரணை முறைச் சட்டம் (கு.வி.மு.ச.) பிரிவு 174, அதற்குப் பின் என்றால் அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) பிரிவு 194. எண் தப்பினால் போலீஸ் வேலை தெரிந்த வாசகர் அங்கேயே மூடிவைப்பார்.

கேள்வி (கும்பகோணம் வாசகர்): நாயகன் தனியார் துப்பறிவாளர். சந்தேக நபரின் வீட்டைச் சோதனை போடலாமா?

பதில்: கூடாது. சோதனை, சம்மன், செல்போன் அழைப்பு விவரம், எதற்கும் அவருக்கு அதிகாரம் இல்லை. பூட்டிய வீட்டில் நுழைந்தால் அவர்மேலேயே வழக்கு வரும். அவர் டீக்கடையில் உட்காரட்டும், பத்திரப்பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுக்கட்டும். அதிகாரம் இல்லாதவருக்குத்தான் மாந்திரீகத் துணை அதிகம் தேவைப்படும், அது உங்கள் கதைக்கு நல்லது.

கேள்வி (மயிலாடுதுறை வாசகி): இருவரும் ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுவது?

பதில்: அவள் ‘சார்’, அவன் ‘நீங்க’. கடைசி வரை ‘நீங்க’ மாறவே வேண்டாம். பாதிக்கு மேல் ஒரே ஒரு இடத்தில், அவனுக்கு அடிபட்டிருக்கும்போது, அவள் ‘சார்’ இல்லாமல் “வலிக்குதா?” என்று கேட்கட்டும். அடுத்த அத்தியாயத்தில் மறுபடி ‘சார்’ வந்துவிட வேண்டும்.