நீங்கள் மிகவும் மதிக்கும் மென்பொருள் பொறியாளர் யார்? அவர் பின்னணி என்ன, என்னென்ன உருவாக்கினார்?

கென் தாம்சன். இந்தப் பதிலை நீங்க போன்ல தமிழ்ல படிச்சுக்கிட்டு இருக்கீங்கல்ல, இதுல வர்ற ஒவ்வொரு எழுத்தும் அவர் 1992-ல ஒரு ராத்திரி போட்ட கணக்குப்படிதான் உங்க கைக்கு வந்து சேர்ந்திருக்கு. யூனிக்ஸ்ங்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பண்ணவர்னு எல்லாருக்கும் தெரியும், காலேஜ்லயே சொல்லிக்கொடுத்துடுவாங்க. ஆனா தமிழ்ல டைப் பண்ற நமக்கு அவர் பண்ணின இன்னொரு வேலை இருக்கு, அதைப் பத்தி நம்ம ஆளுங்க அதிகமா பேசி நான் பார்த்ததில்ல, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

முதல்ல பின்னணி. 1943-ல அமெரிக்காவுல நியூ ஆர்லியன்ஸ்ல பொறந்தவர். அப்பா கடற்படையில இருந்தார், அதனால சின்ன வயசுல ஊர் ஊரா மாறிக்கிட்டே இருந்திருக்காங்க. கலிஃபோர்னியாவுல பெர்க்லி யுனிவர்சிட்டில 1965-ல இளநிலை, அடுத்த வருஷமே முதுநிலை, 1966-ல டெலிபோன் கம்பெனியோட ஆராய்ச்சிக்கூடமான பெல் லேப்ஸ்ல சேர்ந்துட்டார். நியூ ஜெர்சில மர்ரே ஹில்ங்கிற இடம். 2000 கடைசி வரைக்கும் அங்கயேதான் வேலை, அதுக்கப்புறம் ஒரு சின்ன கம்பெனி, 2006-ல கூகுள்.

பெல் லேப்ஸ் அப்போ மல்டிக்ஸ்னு ஒரு பெரிய ஆபரேட்டிங் சிஸ்டம் ப்ராஜெக்ட்ல எம்ஐடி, ஜெனரல் எலக்ட்ரிக் கூட சேர்ந்து இருந்துச்சு. 1969-ல நமக்கு இது வேண்டாம்னு வெளிய வந்துட்டாங்க. தாம்சன் கையில வேலை இல்ல, ஆனா ஸ்பேஸ் டிராவல்னு ஒரு கேம் எழுதி வெச்சிருந்தார், சூரியக் குடும்பத்துக்குள்ள கப்பல் ஓட்டறது. பெரிய மெஷின்ல அதை ஒரு தடவை ஆடினா 75 டாலர் அளவுக்குக் கணக்குல ஏறும். அதனால யாரும் அதிகம் தொடாத ஒரு பிடிபி-7 மெஷினைப் பிடிச்சு, அங்க கூட வேலை பார்த்த டென்னிஸ் ரிட்சியோட சேர்ந்து கேமை அதுல கொண்டு வந்தார். அந்த மெஷினோட மெமரி 8 ஆயிரத்துச் சொச்சம் வேர்டுதான், ஒரு வேர்டுக்கு 18 பிட். இன்னிக்கு வாட்ஸாப்ல வர்ற ஒரு சின்ன ஸ்டிக்கர் அதுல அடங்கறதே கஷ்டம்.

அந்த வருஷம் அவர் மனைவி, ஒரு வயசுப் பையனைத் தூக்கிக்கிட்டு கலிஃபோர்னியாவுல இருந்த மாமனார் மாமியார் வீட்டுக்கு 3 வாரம் போயிட்டாங்க. எடிட்டருக்கு ஒரு வாரம், ப்ரோக்ராமை மெஷினுக்குப் புரியற எண்களா மாத்தற அசெம்ப்ளருக்கு ஒரு வாரம், நாம தர்ற கட்டளையை வாங்கற ஷெல்லும் சிஸ்டத்தோட மையமான கெர்னலுமா ஒரு வாரம்னு பிரிச்சுக்கிட்டு உக்காந்தார், அவங்க திரும்பி வரும்போது யூனிக்ஸ் இருந்துச்சு. இதை அவரே பல தடவை சொல்லியிருக்கார். 3 வாரம்ங்கிற வேகத்தைத்தான் எல்லாரும் பேசுவாங்க, எனக்கு முக்கியமாப் படறது வேற. மல்டிக்ஸ்ல இருந்து எதை எடுத்துக்கணும், எதை விட்டுடணும்ங்கிறது அவருக்கு அவ்ளோ தெளிவா இருந்திருக்கு. ஃபைலுக்குள்ள என்ன இருந்தாலும் சிஸ்டத்தைப் பொறுத்தவரை அது வரிசையா வர்ற பைட்டுங்க, அதாவது 0-ல இருந்து 255 வரைக்கும் உள்ள எண்கள், அவ்ளோதான். ஃபோல்டரைப் பிரிக்க நடுவுல ஒரு சாய்கோடு. இந்தச் சாய்கோட்டை ஞாபகம் வெச்சுக்கோங்க, கீழ திரும்ப வரும்.

அப்புறம் வந்ததெல்லாம் சுருக்கமா சொல்லிடறேன், ஒவ்வொண்ணுக்கும் தனிப் பதிலே எழுதலாம். பி-ன்னு ஒரு ப்ரோக்ராமிங் லாங்குவேஜ் எழுதினார், அதுல இருந்துதான் ரிட்சி சி-யை உருவாக்கினார், 1973-ல யூனிக்ஸையே சி-ல திருப்பி எழுதினாங்க. ஒரு ப்ரோக்ராமோட அவுட்புட்டை இன்னொண்ணுக்கு இன்புட்டா மாட்டி விடற பைப், யோசனை பெல் லேப்ஸ்ல இருந்த டக் மெக்கில்ராயோடது, அவர் வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டே இருந்தார், தாம்சன் ஒரே ராத்திரில அதைப் போட்டுக் கொடுத்தார். நாங்க தினமும் லாக் ஃபைல்ல தேடற கிரெப் கமாண்டும் அவரோடது. செஸ் ஆடறதுக்குன்னே ஜோ காண்டன் கூட சேர்ந்து பெல்-னு ஒரு மெஷின் கட்டினார், 1980-ல கம்ப்யூட்டர்களுக்கான உலகச் சாம்பியன்ஷிப்பை அது ஜெயிச்சுது. அந்த செஸ் பைத்தியம் எவ்ளோ தூரம்னா, அவரோட பழைய யூனிக்ஸ் பாஸ்வேர்டை 2019-ல உடைச்சுப் பார்த்தப்போ ராணிக்கு முன்னாடி நிக்கிற சிப்பாயை 2 கட்டம் நகர்த்தற மூவ்தான் பாஸ்வேர்டா இருந்துச்சு. 1983-ல ரிட்சிக்கும் அவருக்கும் சேர்த்து டூரிங் விருது, கம்ப்யூட்டர் துறையோட மிகப் பெரிய விருது அது. கூகுள் போனப்புறம் ராப் பைக், ராபர்ட் கிரீஸமர் கூட சேர்ந்து 2007-ல கோ லாங்குவேஜ் வேலையை ஆரம்பிச்சார், 2009-ல வெளிய வந்துச்சு, அப்போ அவருக்கு வயசு 66.

இப்போ நம்ம கதைக்கு வரேன். 2003 வாக்குல பிரவுசிங் சென்டர்ல உக்காந்து தமிழ் சைட் பார்த்தவங்களுக்குத் தெரியும், ஒவ்வொரு சைட்டுக்கும் ஒரு ஃபான்ட். அதை டவுன்லோட் பண்ணி அந்த மெஷின்ல போட்டாத்தான் படிக்க முடியும், இல்லன்னா ஏதோ குப்பை கொட்டின மாதிரி இங்கிலீஷ் எழுத்தும் குறியீடுமா வரும். தமிழ் எழுத்தைக் கம்ப்யூட்டர்ல வைக்க ஆளாளுக்கு ஒரு முறை, டிஸ்கி ஒரு பக்கம், டேப் ஒரு பக்கம், டேம் ஒரு பக்கம், பாமினி ஒரு பக்கம். ஒருத்தர் அனுப்பற மெயிலை இன்னொருத்தர் படிக்கணும்னா ரெண்டு பேர்கிட்டயும் ஒரே ஏற்பாடு இருக்கணும். இத்தனைக்கும் உலக மொழிகளோட எழுத்துக்கெல்லாம் பொதுவான பட்டியலான யூனிகோடுல தமிழுக்கு 1991-லயே இடம் கொடுத்தாச்சு. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பர், க-ன்னா 2965. நம்பர் இருந்தா மட்டும் போதாதே, அந்த நம்பரை ஃபைல்ல எப்படி எழுதி வைக்கறது, நெட்வொர்க்ல எப்படி அனுப்பறது? ஒரு பைட்ல 255 வரைக்கும்தான் அடங்கும். எல்லாத்துக்கும் 2 பைட்டுன்னு வெச்சா அதுவரைக்கும் இருந்த இங்கிலீஷ் ஃபைலும் ப்ரோக்ராமும் அத்தனையும் உடையும்.

1992 செப்டம்பர், ஒரு புதன்கிழமை சாயங்காலம். எக்ஸ் ஓப்பன்ங்கிற தரநிர்ணயக் குழுவுல இருந்து பெல் லேப்ஸுக்கு போன், நாங்க ஒரு முறை வெச்சிருக்கோம், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கன்னு. ஃபைல் பேர்ல இருக்கிற அந்தச் சாய்கோடு குழம்பிடக் கூடாதுங்கிறதுதான் அவங்க தேடினதுல முக்கியம், ஏன்னா அதுக்கு முன்னாடி இருந்த முறையில வேற ஏதோ மொழி எழுத்தோட ஒரு பைட் சாய்கோடு மாதிரியே வந்து நிக்கும், யூனிக்ஸ் அதை ஃபோல்டர்னு நெனச்சுக்கும். தாம்சனும், அப்போ பெல் லேப்ஸ்லயே கூட இருந்த ராப் பைக்கும் பார்த்தாங்க. எல்லாம் சரிதான், ஆனா ஒண்ணு இல்ல. நடுவுல எங்கயாவது விட்டுப்போச்சுன்னா, ஒரு எழுத்துக்கு மேல தொலைக்காம அடுத்த எழுத்து எங்க ஆரம்பிக்குதுன்னு கண்டுபிடிக்க முடியணும், அது அவங்க முறையில இல்ல. அதை நாங்களே சரி பண்ணித் தரோம்னு சொல்லிட்டு ரெண்டு பேரும் சாப்பிடப் போனாங்க. அங்க ஹோட்டல் மேசையில தட்டுக்குக் கீழ விரிக்கிற பேப்பர்ல, பைக் கண்ணு முன்னாடி, தாம்சன் மொத்தத்தையும் எழுதி முடிச்சார். அன்னிக்கு ராத்திரியே கோடு எழுதினார், வெள்ளிக்கிழமைக்குள்ள அவங்க உருவாக்கிக்கிட்டு இருந்த ப்ளான் 9-ங்கிற ஆபரேட்டிங் சிஸ்டம் முழுசா அதுக்கு மாறிடுச்சு. அதுதான் யூடிஎஃப்-8. அந்தப் பேப்பரை எடுத்து வெச்சுக்காம விட்டுட்டோமேன்னு பைக் பின்னாடி வருத்தப்பட்டு எழுதியிருக்கார்.

அதுல என்ன எழுதினார்னா, 127 வரைக்கும் வர்ற பைட் பழைய இங்கிலீஷ், அப்படியே இருக்கும், அதைத் தொடவே இல்ல. மத்த மொழி எழுத்துகளோட எந்த பைட்டும் 128-க்குக் கீழ வராது, அதனால சாய்கோடு குழம்ப வழியே இல்ல. ஒரு எழுத்தோட முதல் பைட் 192-க்கு மேல இருக்கும், எனக்குப் பின்னாடி எத்தனை பேர் வர்றாங்கன்னு அதுவே சொல்லிடும், 224-ல இருந்து 239 வரைக்கும்னா ரெண்டு பேர். பின்னாடி வர்றவங்க எல்லாரும் 128-ல இருந்து 191-க்குள்ளதான், வேற எங்கயும் போக மாட்டாங்க. ரயில்ல என்ஜினையும் பெட்டியையும் பார்த்த உடனே பிரிச்சுச் சொல்லிடறோம்ல, அந்த மாதிரி எந்த பைட்டைக் காட்டினாலும் இது தலையா வாலான்னு சொல்லிடலாம். க-ங்கிறது 224, 174, 149. தமிழ் எழுத்து எல்லாமே 224-லதான் ஆரம்பிக்கும். பழைய சாஃப்ட்வேர்ல தமிழைத் திறந்தா, தலைக்கு மேல சாய்ஞ்ச கோடு போட்ட இங்கிலீஷ் ஏ-வும், பக்கத்துல வட்டத்துக்குள்ள ஆர் போட்ட ட்ரேட்மார்க் அடையாளமும் திரும்பத் திரும்ப வருமே, பார்த்திருப்பீங்க. அந்த ஏ-தான் 224, அந்த ஆர்தான் 174. தமிழ் எங்கயும் கெட்டுப்போகல, படிக்கிறவன் ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தா நெனச்சுப் படிக்கிறான், அவ்ளோதான்.

தமிழுக்கு மட்டும் ஏன் 3 பைட், நம்மளை ஏமாத்திட்டாங்கன்னு ஒரு பேச்சு உண்டு, அதுக்கும் சொல்லிடறேன். 2 பைட்ல 2047 வரைக்கும்தான் அடங்கும், யூனிகோடுல நம்ம இடம் ஆரம்பிக்கிறதே 2944-ல. இந்திக்கும் 3 தான், தெலுங்குக்கும் 3 தான். எழுத்துக்கு இடம் ஒதுக்கினது தாம்சன் இல்ல, அதைப் பத்தின குறை எனக்கும் உண்டு, அது வேற சண்டை.

என் வேலையில நடந்த ஒண்ணைச் சொல்றேன், இந்த மனுஷன் மேல எனக்கு இவ்ளோ மரியாதை வந்தது அப்போதான். 2014-ல ஒரு கிளையன்ட்டுக்காக பயனாளிகள் பட்டியலை ஒரு சிஸ்டத்துல இருந்து இன்னொண்ணுக்கு ஃபைலா அனுப்பற ஜாப் எங்க டீம்கிட்ட இருந்துச்சு. பெயருக்கு 20 பைட், அடுத்த இடத்துல பொறந்த தேதி, இப்படி அளந்து வெச்ச ஃபைல். இங்கிலீஷ் பேர் போன வரைக்கும் பிரச்சனை இல்ல, தமிழ்ல அனுப்ப ஆரம்பிச்சதும் போன் வந்துச்சு. முத்துலட்சுமின்னு ஒரு அம்மா பேரு, ப்ரின்ட்ல ‘முத்து’ வரைக்கும் வந்து, பக்கத்துல கறுப்பு டைமண்டுக்குள்ள ஒரு கேள்விக்குறி. அந்தம்மா அதைக் கையில வெச்சுக்கிட்டு இது என் பேரே இல்லன்னு சொல்றாங்களாம்.

ஃபைலைத் திறந்து பைட் பைட்டா எண்ணிப் பார்த்தேன். முத்துலட்சுமி நமக்கு 7 எழுத்து மாதிரி தெரிஞ்சாலும், கம்ப்யூட்டருக்கு உயிர்க்குறி, புள்ளி எல்லாம் தனித்தனி, மொத்தம் 13, அப்போ 39 பைட். ‘முத்து’ங்கிறது 18 பைட், மிச்சம் இருந்த 2 பைட்ல ல-வோட 224-ம் 174-ம் ஏறிடுச்சு, 178 வெளிய நின்னுடுச்சு. ஆனா பாருங்க, அதுக்கு அடுத்த பைட்ல ஆரம்பிக்கிற பொறந்த தேதி முழுசா, ஒரு எண்ணு கூட மாறாம இருந்துச்சு. ஏன்னா தேதியோட முதல் எண்ணு 128-க்குக் கீழ, அது வாலா இருக்கவே முடியாதுன்னு படிக்கிற ப்ரோக்ராமுக்குத் தெரியும், உடைஞ்ச எழுத்துக்கு ஒரு கேள்விக்குறியைப் போட்டுட்டு அங்க இருந்து சரியா தொடர்ந்திருக்கு. நடுவுல உடைஞ்சா ஒரு எழுத்தோட நிக்கணும்னு சாப்பாட்டு மேசையில எழுதினாரே, அது 22 வருஷம் கழிச்சு என் ஸ்க்ரீன்ல அப்படியே நடந்திருக்கு. அன்னிக்கு ஆபீஸ்ல ரொம்ப நேரம் அந்த எண்களையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

உடனடியா பண்ணினது 4 வரி கோடு: 20-வது பைட்டுக்கு அடுத்து நிக்கிறது 128-க்கும் 191-க்கும் நடுவுல இருந்தா ஒவ்வொரு பைட்டா பின்னாடி போ, தலை கெடைச்சதும் அதுக்கு முன்னாடி வெட்டு. கூடவே நம்ம மொழிக்குன்னு இன்னொரு 2 வரி, வெட்டற இடத்துக்கு அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வந்தா அது ஒட்டியிருக்கிற எழுத்தையும் சேர்த்து விட்டுடு, இல்லன்னா ‘மி’ வெறும் ‘ம’-வா போய் நிக்கும். கேள்விக்குறி போயிடுச்சு, ஆனா பேரு இன்னும் ‘முத்து’தான். ரெண்டு பக்கமும் பேசி, பேருக்கான இடத்தை 60 பைட்டா மாத்த 3 மாசம் ஆச்சு. மாத்தினப்புறம் வந்த முதல் ஃபைல்ல நான் தேடினது அந்த ஒரு பேரைத்தான், கிரெப் போட்டுத்தான் தேடினேன், முத்துலட்சுமின்னு முழுசா வந்துச்சு.