250 ஜிபி டிஸ்க், எக்ஸ்பியில் 127 ஜிபி மட்டும்: காரணம் இதுதான்

உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் கோளாறு இல்லை, திருப்பிக் கொடுக்க வேண்டாம். பழைய விண்டோஸ் எக்ஸ்பி சிடியில் இன்ஸ்டால் செய்யும்போது 250 ஜிபி டிஸ்க் 127 ஜிபி என்று காட்டுகிறது என்றீர்களே, அது அந்த சிடியின் வயசுக் கோளாறு. சர்வீஸ் பேக் (மைக்ரோசாஃப்ட் தரும் பெரிய அப்டேட் தொகுப்பு) எதுவும் சேராத முதல் எக்ஸ்பி, டிஸ்க்கின் செக்டர்களை, அதாவது தகவல் எழுதும் சின்னச் சின்னக் கட்டங்களை, 28 பிட் எண்ணால்தான் எண்ணும். அதாவது சுமார் 26.8 கோடி செக்டர், ஒவ்வொன்றும் 512 பைட், பெருக்கிப் பார்த்தால் 137 ஜிபி, அதையே விண்டோஸ், 1024ஆல் வகுக்கும் தன் கணக்கில், 128க்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டும். இதைவிடப் பெரிய டிஸ்க்கையும் எண்ணும் 48 பிட் முறை சர்வீஸ் பேக் 1 உடன்தான் வந்தது.

முதலில் பயாஸில் (கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை மென்பொருள்) 250 முழுசாகத் தெரிகிறதா பாருங்கள். அங்கேயும் 137 என்றால் பயாஸ் அப்டேட் இருக்கிறதா தேடுங்கள், அதில்லாமல் மேலே போக வேண்டாம்.

சரி, தெரிகிறதென்றால் இருக்கிற சிடியிலேயே 40 ஜிபிக்கு ஒரு பார்ட்டிஷன் (டிஸ்க்கில் தனியாகப் பிரித்த பகுதி) போட்டு எக்ஸ்பியை ஏற்றுங்கள், முதலில் சர்வீஸ் பேக் 1 அல்லது 2, அதன் மேல் சர்வீஸ் பேக் 3 போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள், அப்புறம் எக்ஸ்பியிலேயே இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்டில் மிச்ச இடம் தானாகத் தெரியும், அதை என்டிஎஃப்எஸ்ஸாக ஃபார்மட் செய்துகொள்ளலாம். இன்னொரு ஃபார்மட்டான ஃபேட்32 வேண்டாம், 32 ஜிபிக்கு மேல் எக்ஸ்பியே ஃபார்மட் செய்து தராது.

ஒன்று மட்டும் செய்துவிடாதீர்கள்: சர்வீஸ் பேக் போடும் முன்பே வேறு மென்பொருளால் பார்ட்டிஷனை 250க்கு நீட்டுவது. 137ஐத் தாண்டி எழுத வேண்டியதை எக்ஸ்பி சுற்றி வந்து டிஸ்க்கின் தொடக்கத்தில் எழுதிவிடும், எந்தப் பார்ட்டிஷன் எங்கே என்று குறித்திருக்கும் பார்ட்டிஷன் டேபிளே காலி. நான் அப்படித்தான் ஒரு டிஸ்க் நிறையப் படங்களைத் தொலைத்தேன்.