அகன்ற தலைக்கு ஏற்ற கூலிங் கிளாஸ்: கேள்வி பதில்

கேள்வி (லாரி ஓட்டுநர், நாமக்கல்): அண்ணா, எந்தக் கூலிங் கிளாஸ் போட்டாலும் அரை மணி நேரத்தில் நெற்றிப்பொட்டு வலிக்கிறது. மூக்கிலிருந்து நழுவிக்கொண்டும் இருக்கிறது. கடையில் இறுக்கிக் கொடுத்தார்கள், வலி கூடிவிட்டது.

பதில்: கூடத்தான் செய்யும், தம்பி. நழுவினால் பிரேம் தளர்ந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அகன்ற தலைக்காரர்களுக்குப் பெரும்பாலும் காரணம் நேர்மாறானது. பிரேம் குறுகலாக இருந்தால் இரண்டு பக்கக் கம்பிகளும் வெளியே வளைந்து, காதுக்குப் போகும் முன்பே தலையைக் கவ்வுகின்றன. தலை அங்கே முன்பக்கம் போகப்போகக் குறுகுவதால் அந்தப் பிடியே கண்ணாடியை முன்னே தள்ளுகிறது. ஈரச் சோப்பை இறுக்கிப் பிடித்தால் கையிலிருந்து எகிறுகிறதே, அதே கதைதான். இறுக்காதீர்கள்.

கழற்றியதும் தொட்டுப் பாருங்கள். காதுக்கு முன்னால் கோடு பதிந்திருந்தால் பிரேம் குறுகல். வேறு வாங்க வேண்டும். காதுக்குப் பின்னால் மட்டும் வலித்தால் கம்பியின் வளைவு தவறான இடத்தில் இருக்கிறது. அதைக் கடையிலேயே சரிசெய்துவிடலாம்.

கம்பியின் உட்புறத்தில் 58□16 145 என்பதுபோல் எண்கள் இருக்கும். 58 ஒரு லென்ஸின் அகலம், 16 இரண்டு லென்ஸுக்கும் இடையே மூக்கின் மேல் வரும் பாலத்தின் அகலம், 145 கம்பியின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். உங்களுக்கு வேண்டிய மொத்த அகலம் பெரும்பாலும் அதில் இருக்காது. ஸ்கேலை வைத்து முன்பக்கத்தை ஒரு கீலிலிருந்து மறு கீல் வரை அளந்து பாருங்கள். இந்த அகலத்தை 145 மில்லிமீட்டரிலிருந்து தேடத் தொடங்குங்கள். 150-க்கு மேலும் கிடைக்கிறது. தலை அகலமென்றால் கம்பியும் நீளமாக வேண்டும், 145 அல்லது 150.

கேள்வி: பெரிய லென்ஸாக வாங்கினால் போதாதா?

பதில்: போதாது. கன்னம் வரை இறங்கும் லென்ஸ் கொண்ட பிரேம்கூடக் குறுகலாக இருக்கலாம். கீலுக்குக் கீல் அளந்து பாருங்கள்.

கேள்வி: எனக்கும் நழுவுகிறது. கொஞ்சம் இறுக்கிக்கொள்ளட்டுமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (சேலம்): எதற்கு இவ்வளவு பேச்சு? கண்ணாடியை ஒரு தடித்த புத்தகத்தில் மாட்டி இரவு முழுக்க வைத்தால் தானே விரியும். நான் செய்திருக்கிறேன்.

பதில்: விரிந்தது பிரேம் அல்ல, கீல். முன்பக்கம் 132 மில்லிமீட்டர் என்றால் காலையிலும் 132 தான். கீல் தளர்ந்ததால் பிடி போயிருக்கும். அதைச் சௌகரியம் என்று நினைத்துவிட்டீர்கள். இழுவிசை மூக்குப் பாலத்தில் போய் நிற்கும், அங்கேதான் பிரேம் விரிசல் விடும்.

கேள்வி (சேலம்): மெழுகுவத்திச் சூட்டில் காட்டி விரித்தால்?

பதில்: ஐயா, தயவுசெய்து வேண்டாம். அசிடேட் என்ற பிளாஸ்டிக் பிரேமைக் கடையில் வெந்நீராவியிலோ சுடுகாற்றிலோ இளக்கிக் கம்பியின் கோணத்தை மாற்றுவார்கள். உலோகப் பிரேமை இடுக்கியால் வளைப்பார்கள். இரண்டிலும் சில மில்லிமீட்டர்தான் கிடைக்கும். அச்சில் வார்த்த நைலான் பிரேம் அவ்வளவாக இணங்காது. பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும். தீச்சுவாலை பட்டால் லென்ஸின் மேல்பூச்சில் வெடிப்பு விழும், கூசும் ஒளியைக் குறைக்கும் போலரைஸ்டு லென்ஸின் அடுக்குகள் பிரியும். வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டில் கண்ணாடியை விட்டுவைப்பதும் இதே கெடுதல்தான்.

கேள்வி (மதுரை): சேலத்து நண்பர் சொல்வது சரி. என் கண்ணாடி ஸ்பிரிங் கீல் வைத்தது, அதுவே விரிந்துகொடுக்கிறதே?

பதில்: ஸ்பிரிங் விரிந்துகொடுக்கும், ஆனால் திரும்பி வரத்தான் துடிக்கும். அந்தத் துடிப்பை நாள் முழுக்கத் தாங்குவது உங்கள் நெற்றிப்பொட்டு. கடையில் இரண்டு நிமிடம் போட்டுப் பார்க்கும்போது தெரியாது. சரியான அகலப் பிரேமில் ஸ்பிரிங் இருந்தால் நல்லது. குறுகிய பிரேமில் அது குறையை மறைக்கிறது. புத்தகம், மெழுகுவத்தி பற்றி இனி நான் பதில் எழுதப்போவதில்லை.

கேள்வி: நல்ல கறுப்பாக வாங்கினால்தானே கண்ணுக்குப் பாதுகாப்பு?

பதில்: இல்லவே இல்லை. புற ஊதாக் கதிரைத் தடுக்காத கறுப்பு லென்ஸ், வெறும் கண்ணைவிட மோசம். இருட்டுக்குக் கண்ணின் நடுவிலுள்ள பாவை விரியும், கதிர் கூடுதலாக உள்ளே போகும். ‘யூவி 400’ என்று இருக்கிறதா பாருங்கள். கருவி வைத்திருக்கும் கடையில் சோதித்தும் காட்டுவார்கள். வெளிர் நிறத்திலும் முழுப் பாதுகாப்பு உண்டு. லென்ஸ் எவ்வளவு கறுப்பு என்பதைப் பிரிவு எண்ணால் சொல்வார்கள். வண்டி ஓட்டுபவர்களுக்கு மூன்றாம் பிரிவு லென்ஸ் போதும்; 8 முதல் 18 சதவீத ஒளியை உள்ளே விடும். நான்காம் பிரிவு வண்டி ஓட்டுவதற்கு ஆகாது.

கேள்வி: எந்த பிராண்ட்?

பதில்: அளவு சரியாக இருக்கும் பிராண்ட்.

கேள்வி (ஆசிரியை, திருச்சி): பவருடன் கூலிங் கிளாஸ் வேண்டும். முகம் அகலம், கண்கள் நெருக்கம். மைனஸ் நான்கு.

பதில்: அம்மா, நீங்கள்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். பாவைகளுக்கு இடையே 60 மில்லிமீட்டர் இருக்கிறது, பிரேம் 58-16 என்று வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸ்களின் நடுப்புள்ளிகள் 74 தள்ளி இருக்கும். பாவைக்கு நேராக வர, ஒவ்வொரு லென்ஸின் பவர் மையத்தையும் 7 மில்லிமீட்டர் மூக்குப்பக்கம் நகர்த்த வேண்டும். வெளி ஓரம் தடித்துவிடும். ஆகவே லென்ஸ் சிறியதாக, பாலமும் கீல் பக்கத்து ஓரமும் அகலமாக உள்ள பிரேமைத் தேடுங்கள். மொத்த அகலம் குறையாது, லென்ஸும் மெல்லியதாக அமையும்.

கேள்வி: மெட்ராஸ் ஐ வந்தால் இதைப் போட்டால் பரவாதா?

பதில்: பார்வையால் அது பரவுவதே இல்லை. கையைக் கழுவுங்கள், கண் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஹெல்மெட்டுக்குள் எந்தக் கண்ணாடியும் வலிக்கிறது.

பதில்: மெல்லிய, நேரான கம்பியாகப் பாருங்கள், பட்டையான கம்பியை ஹெல்மெட் தலையோடு அழுத்தும். முதலில் ஹெல்மெட், பிறகு கண்ணாடி. வாங்கப் போகும்போது ஹெல்மெட்டைக் கடைக்குள் எடுத்துச் சென்று, இரண்டையும் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள்.