குழந்தைகள் குறைகிறார்கள், தலைக்கணக்கு ஏன் குறையவில்லை?

கேள்வி: உலகம் முழுக்கப் பிறப்பு விகிதம் இறங்கிவிட்டது என்கிறார்கள். ஆனால் மக்கள்தொகை ஏறிக்கொண்டேதானே போகிறது? எது உண்மை?

பதில்: இரண்டுமே உண்மை. 1950 வாக்கில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஐந்து குழந்தைகள். இன்று இரண்டுக்குச் சற்று மேல். அப்படியிருந்தும் 2011-ல் 700 கோடி, 2022 நவம்பரில் 800 கோடி என்று ஐ.நா. அறிவித்தது.

எப்படி என்று பார்க்க ஒரே ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டிக்கு ஆறு பிள்ளைகள், அதில் மூன்று பேர் பெண்கள். அந்த மூவரும் ஆளுக்கு இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள், சரி, ஆனால் அந்தப் பெண்கள் வழியில் மட்டுமே பேரக்குழந்தைகள் ஆறு பேர் ஆகிவிட்டார்கள், தாத்தாவும் பாட்டியும் காலமாகும்போது குறைவதோ இரண்டே பேர். ஆளுக்கு இரண்டு என்ற நிலைக்கு எல்லோரும் வந்த பிறகும் இந்தப் பழைய வேகம் அடங்க இரண்டு மூன்று தலைமுறை ஆகும். அப்புறம், ஆயுளும் கூடியிருக்கிறது. 1950-ல் சராசரி ஆயுள் 46 வயதை ஒட்டி இருந்தது, இன்று 73. முன்பு ஐந்து வயதுக்குள் இறந்துபோன குழந்தைகளில் பெரும்பாலோர் இன்று பிழைத்து வளர்கிறார்கள். மக்கள்தொகை 'வெடிப்பு' என்று பயத்தோடு சொல்கிறோமே, அதில் பெரும்பங்கு இப்படிப் பிழைத்த உயிர்கள்தான். அந்தச் சொல் எனக்குப் பிடிக்காததற்குக் காரணமும் இதுதான்.

வேகம் ஏற்கெனவே தணிந்துவிட்டது. 1960-களில் ஆண்டுக்கு 2 சதவீதத்தைத் தாண்டிய வளர்ச்சி இப்போது 1 சதவீதத்துக்கும் கீழே. 2080-களில் சுமார் 1,030 கோடியைத் தொட்டு மெல்ல இறங்கும் என்பது ஐ.நா.வின் 2024 கணிப்பு. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே கதை இல்லை: தென்கொரியாவில் 2023-ல் ஒரு பெண்ணுக்கு 0.72 குழந்தை, நைஜரில் ஆறு. ஒரு நாடு பள்ளிகளை மூடுகிறது, இன்னொன்றுக்குப் பள்ளி கட்டி மாளவில்லை.

கேள்வி: இவ்வளவு நிலம் சும்மா கிடக்கும்போது மக்கள் ஏன் ஒரே இடத்தில் நெருக்கியடித்து வாழ வேண்டும்?

பதில்: சும்மா கிடப்பதாகத் தெரியும் நிலத்தில் பெரும்பகுதி பாலைவனம், பனி, மலை. எகிப்தின் வரைபடத்தைப் பாருங்கள், நாடு முழுக்க மணல், மக்கள் மட்டும் நைல் ஓரம். கங்கையும் பிரம்மபுத்திராவும் மண் கொண்டுவந்து சேர்த்த வங்கதேசத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல், மங்கோலியாவில் சுமார் இரண்டு பேர். முதலில் தண்ணீரும் விளைநிலமும், பிறகு துறைமுகமும் வேலையும். அவ்வளவுதான்.

கேள்வி: ஏழை நாடுகளிலிருந்து எல்லோரும் பணக்கார நாடுகளுக்குக் கிளம்பிவிடுவார்களோ?

பதில்: இந்தப் பயத்தை நிறையப் பேர் எழுதுகிறார்கள், அதனால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் வாழ்பவர்கள் 2024-ல் சுமார் 30 கோடி, உலக மக்களில் 4 சதவீதம்கூட இல்லை. மிச்சப் பேர் பிறந்த நாட்டிலேயே இருக்கிறார்கள், இடம் மாறினாலும் பெரும்பாலும் கிராமத்திலிருந்து நகரத்துக்குத்தான். கடல் தாண்டப் பணம் வேண்டும், தெரிந்தவர் வேண்டும், பரம ஏழையிடம் இரண்டும் இருக்காது. போருக்கும் வன்முறைக்கும் பயந்து வீட்டை விட்டு ஓடியவர்களிலும் பாதிக்கு மேல் சொந்த நாட்டுக்குள்ளேயே வேறெங்கோ தங்கியிருக்கிறார்கள், எல்லை தாண்டியவர்களில் பெரும்பாலோர் இருப்பது பக்கத்து நாட்டில்.

இன்று குடியேறிகளைக் கண்டு அஞ்சும் ஐரோப்பாவிலிருந்துதான் 19-ம் நூற்றாண்டிலும் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கோடிக்கணக்கானவர்கள் அமெரிக்கக் கண்டங்களுக்குக் கப்பலேறினார்கள். அயர்லாந்துத் தீவில் 1841-ல் 80 லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்தார்கள். 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது, பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள், அதற்கு மேலும் பலர் நாட்டை விட்டுப் போனார்கள். வடக்கையும் தெற்கையும் சேர்த்து எண்ணினாலும் அந்த 1841 எண்ணிக்கையை அந்தத் தீவு இன்னும் எட்டவில்லை.