கால்வாயா, கால்நடையா?

கேள்வி: அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிசிம்மி ஆற்றின் ஈரநிலங்கள் வறண்டதற்குக் கால்வாய் காரணமா, மாட்டுப் பண்ணைகள் காரணமா?

பதில்: முதல் குற்றவாளி கால்வாய்தான். மாடுகள் அதற்கு வெகுகாலம் முன்பே அங்கு வந்துவிட்டன. ஸ்பானியர் 16ஆம் நூற்றாண்டில் ஃபுளோரிடாவுக்குக் கொண்டுவந்த மாடுகளின் வழிவந்தவை கிசிம்மிப் புல்வெளிகளில் வேலியின்றி மேய்ந்தன. வெள்ளம் ஏறினால் மேட்டுக்கும், வடிந்தால் தாழ்வான புல்வெளிக்கும் மாறிக்கொண்டன.

1947ஆம் ஆண்டின் பெருவெள்ளத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. சுமார் 166 கிலோமீட்டர் வளைந்து நெளிந்து ஓடிய ஆற்றை, ராணுவப் பொறியாளர் படை 1962 முதல் 1971 வரை வெட்டி, சுமார் 90 கிலோமீட்டர் நீளமும் 30 அடி ஆழமும் உள்ள நேர்க்கால்வாயாக்கியது. கால்வாயைப் படிப்படியாகத் தடுத்த மதகுகள் ஒவ்வொரு பகுதியிலும் நீர்மட்டத்தை ஒரே அளவில் நிறுத்தியதால், அப்பகுதியின் கீழ்முனை ஆண்டு முழுவதும் நீரில் கிடந்தது, மேல்முனையோ காய்ந்து மேய்ச்சல் நிலமாயிற்று. ஏறி இறங்கும் வெள்ளத்தை நம்பியிருந்த வாத்துகளும் நாரைகளும் பெருமளவில் மறைந்தன. துண்டிக்கப்பட்ட பழைய வளைவுகளில் ஓட்டம் நின்று, மணற்படுகையின்மேல் அழுகிய தாவரச் சேறு படிந்தது.

பண்ணைகளின் பங்கு இதற்குப் பின்னர்தான் பெருகியது. காய்ந்த நிலத்தில் புல் விதைத்து, உரமிட்டு, குறுக்கே வாய்க்கால்களும் வெட்டினார்கள். சாணத்திலும் உரத்திலும் உள்ள பாஸ்பரஸ் அந்த வாய்க்கால்கள் வழியே தெற்கிலுள்ள ஒக்கிச்சோபி ஏரியைச் சேர்ந்து பாசிப் பெருக்கத்துக்குத் தீனியாகிறது.

கேள்வி: அப்படியானால் பண்ணைகளை அகற்றிவிடலாமே?

பதில்: வெள்ளச் சமவெளியில் அதுவே நடந்தது. 1992இல் சட்ட அனுமதி பெற்று, நிலங்களை வாங்கி, 1999இல் தொடங்கிய பணியில் கால்வாயின் சுமார் 35 கிலோமீட்டரை மண்ணிட்டு மூடினார்கள். 2021இல் பணி நிறைவுற்றது. ஓட்டம் திரும்பியதும் சேறு அடித்துச் செல்லப்பட்டு, வளைவுகளில் மணல் திட்டுகள் மீண்டும் தலைகாட்டின.

ஆனால் மேட்டு நிலத்தில் பண்ணைகள் நீடிப்பதே மேல் என்பது என் கருத்து. அவை விற்கப்பட்டால் அங்கு பெரும்பாலும் எழப்போவது குடியிருப்புகள்தான். மேய்ச்சல் வெளியிலாவது காரகாரா என்னும் வல்லூறு இனப் பறவை இரை தேட இடமிருக்கிறது. சில பண்ணையாளர்கள் வாய்க்காலின் குழாய் வாயில் பலகைகளை அடுக்கி மழைநீரைப் புல்வெளியிலேயே தேக்குகிறார்கள். அதற்காக அவர்களுக்கு அரசு நீர் மேலாண்மை அமைப்பு பணமும் தருகிறது.