மஞ்சள் தாள் சிவக்கவில்லையா? சோப்பை மாற்றிப் பாருங்கள்

வணக்கம். உங்கள் மழலையர் வகுப்பில் மஞ்சள் தடவி உலர்த்திய தாளில் குழந்தைகள் கைகழுவும் திரவத்தால் வரைந்தும் கோடுகள் சிவக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் நிறப்பொருள், காரம் (அமிலத்துக்கு எதிரான தன்மை கொண்ட பொருள்) பட்டால்தான் செந்நிறமாகும். அத்தகைய திரவங்கள் பலவற்றில் போதிய காரத்தன்மை இருப்பதில்லை. ஆகவே, சாதாரணக் குளியல் சோப்புக் கட்டியைச் சீவி, சிறிதளவு வெதுவெதுப்பான நீரில் கெட்டியாகக் கரைத்து, முதலில் நீங்களே சோதித்துப் பார்த்தபின் பஞ்சுக் குச்சிகளுடன் குழந்தைகளிடம் கொடுங்கள். சிவந்த கோட்டின்மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் மீண்டும் மஞ்சளாகும். குழந்தைகள் மிகவும் விரும்புவது இதைத்தான், எனவே விளக்கம் சொல்ல அவசரப்படாமல் அவர்களையே பேசவிடுங்கள். நன்றாகச் சிவக்கும் என்பதற்காகச் சுண்ணாம்பைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். அது கண்ணில் பட்டால் ஆபத்து.