மத்தியதரைக் கடலோரக் கோடை விடுமுறை: வெப்பத்தைப் பற்றிய கேள்விகளும் பதில்களும்

இங்கிலாந்தில் உள்ள ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் பதினாறு ஆண்டுகளாகத் தாதியாகப் பணியாற்றுகிறேன். என் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிரேக்கத்துக்கும் ஸ்பெயினுக்கும் பலமுறை கோடை விடுமுறைக்குச் சென்றிருக்கிறேன். ஆடி, ஆவணி மாதங்களில் அந்தக் கடற்கரைகளுக்குப் புறப்படும் நம் குடும்பங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, எனக்கு உறுதியாகத் தெரிந்த அளவில் கீழே பதில் தந்திருக்கிறேன்.

கேள்வி: நானும் மனைவியும் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். ஆகஸ்ட் மாதம் இரண்டு பிள்ளைகளுடன் கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவுக்குச் செல்கிறோம். 40 டிகிரி வரக்கூடும் என்று வேலையிடத்தில் எல்லோரும் எச்சரிக்கிறார்கள். வெயிலிலேயே வளர்ந்த எங்களுக்கு அது ஒரு பொருட்டா? (லண்டன்)

ஐயா, எனக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு வடிவில் இதையே கேட்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். வெயிலைத் தாங்கும் ஆற்றல் பிறப்போடு வந்து உடம்பில் நிலைத்துவிடுகிற ஒன்றல்ல. வெப்பமான இடத்தில் ஒன்று முதல் இரண்டு வாரங்கள் இருந்தால், இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்கும், அந்த வியர்வையில் வெளியேறும் உப்பும் குறையும். உடல் வெயிலுக்குப் பழகுவது என்பது இதுதான். குளிர் நாட்டுக்குத் திரும்பிய சில வாரங்களில் அந்தப் பழக்கம் முழுவதும் போய்விடும். நீங்கள் லண்டனில் வாழ்ந்த ஆண்டுகள் உங்கள் உடலை லண்டன் உடலாகவே ஆக்கியிருக்கின்றன. அங்கேயே பிறந்த உங்கள் பிள்ளைகளுக்கோ அந்தப் பழக்கம் ஒருநாளும் இருந்ததில்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். யாழ்ப்பாணத்தின் சித்திரை வெயிலில் கூட வெப்பமானி 40-ஐத் தொடுவது வழக்கமில்லை. மத்தியதரைக் கடலோரத்திலோ 2021 ஆகஸ்ட் 11 அன்று சிசிலித் தீவின் சிரக்கூசா அருகே 48.8 டிகிரி பதிவாகி, ஐரோப்பாவின் உச்ச வெப்பநிலை என்று உலக வானிலை அமைப்பால் உறுதிசெய்யப்பட்டிருக்கிறது. உங்கள் விடுமுறை ஏழு நாள் என்றால், உடல் பழகத் தொடங்கும்போதே திரும்பும் விமானம் வந்துவிடும். ஆகவே முதல் மூன்று நாட்களையும் மிக எளிதாக வைத்துக்கொள்ளுங்கள். கோட்டை பார்ப்பது, மலையேறுவது போன்றவற்றைப் பிற்பகுதிக்குத் தள்ளி, அவற்றையும் காலை ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள்.

கேள்வி: ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் எந்த நேரத்தில் கடலுக்குப் போகலாம்? பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை தவிர்த்தால் போதும் என்று நினைக்கிறோம். (பிராங்க்பர்ட்)

போதாது. கடிகாரம் காட்டும் பன்னிரண்டு மணியும் சூரியன் உச்சியில் நிற்கும் நேரமும் ஸ்பெயினில் ஒன்றாக இருப்பதில்லை. அந்த நாடு தன் நிலநெடுங்கோட்டுக்கு உரிய நேரத்தைப் பின்பற்றாமல் மத்திய ஐரோப்பிய நேரத்தைப் பின்பற்றுகிறது. அதன்மேல் கோடைகால நேரமும் ஒரு மணி கூட்டுகிறது. அதனால் ஜூலையில் மயோர்க்காவில் சூரியன் உச்சிக்கு வருவது கிட்டத்தட்ட இரண்டு மணிக்கு. இன்னும் மேற்கே உள்ள மாலகாவில் இரண்டரையை நெருங்கி. காற்றின் வெப்பம் அதற்கும் பின்னால், நான்கு மணி, ஐந்து மணி அளவில்தான் உச்சம் தொடும். ஆகவே மூன்று மணிக்கு வெயில் தணிந்துவிட்டது என்று நம்பிப் பிள்ளைகளைக் கடலுக்கு அழைத்துச் செல்பவர்கள், அந்த நாளின் மிகக் கடுமையான பொழுதுக்குள்தான் அவர்களை இறக்குகிறார்கள். கிரேக்கத்தில் உச்சிப்பொழுது ஒன்றேகாலுக்கும் ஒன்றேமுக்காலுக்கும் இடையில் அமைகிறது.

நான் கடைப்பிடிக்கும் ஒழுங்கு இது: ஏழரைக்குக் கடற்கரை, பத்தரைக்கு அறை, குளியல், சாப்பாடு, தூக்கம், மீண்டும் மாலை ஆறுக்கு மேல் கடல். அந்த ஊர்க்காரர்கள் காலங்காலமாகச் செய்வதும் இதுவே. கிரேக்கத்தில் கோடைக்காலப் பிற்பகல் மூன்று மணி முதல் ஐந்தரை வரை சட்டப்படியே அமைதி காக்க வேண்டிய நேரம். ஏதென்ஸ் நகரின் அக்ரோபோலிஸ் குன்றையே கடும் வெப்ப நாட்களில் நண்பகலில் மூடிவிடுகிறார்கள். பிள்ளைகள் இரவு பத்து மணிக்குத் தெருவில் விளையாடுவதை அங்கே யாரும் தவறாகப் பார்ப்பதில்லை. ஒரு வாரத்துக்கு நீங்களும் படுக்கை நேரத்தைத் தள்ளிவையுங்கள்.

கேள்வி: எங்கள் குழந்தைக்கு ஐந்து மாதம். தள்ளுவண்டியின் மேல் மெல்லிய பருத்தித் துணி போட்டால் வெயில் படாதல்லவா? (பாரிஸ்)

வெயில் படாது, சகோதரி. ஆனால் காற்றும் போகாது. உலர்ந்த துணி எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் வண்டிக்குள் வெப்பத்தை அடைத்துவைத்து, வெளியே இருப்பதைவிடப் பல டிகிரி கூட்டிவிடும். துணியை நனைத்துப் பிழிந்து, முன்பக்கம் நன்றாகத் திறந்திருக்கும்படி போட்டு, கூடவே ஒரு சிறு மின்கல விசிறியையும் பொருத்தினால் உள்ளே குளிர்ச்சி ஏற்படும். துணி காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வதில்தான் அதன் பயன் இருக்கிறது. ஆறு மாதம் நிரம்பாத குழந்தையை நேர் வெயிலில் வைக்கவே வேண்டாம்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்குத் தனியாகத் தண்ணீர் தேவையில்லை. வழக்கத்தைவிட அடிக்கடி பால் கொடுங்கள், அதற்கு ஈடாக நீங்கள் நன்றாகத் தண்ணீர் குடியுங்கள். நனையும் அணையாடைகளின் எண்ணிக்கை குறைந்தால் உடனே கவனியுங்கள். வாடகைக் காரில் குழந்தையை ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள். மூடிய காருக்குள் முதல் பத்து நிமிடத்திலேயே வெப்பம் ஏறத்தாழ பத்து டிகிரி ஏறிவிடும்.

கேள்வி: எழுபத்திரண்டு வயதான அம்மாவையும் துருக்கியின் அன்டால்யாவுக்கு அழைத்துச் செல்கிறோம். நீரிழிவுக்கு இன்சுலினும் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரையும் எடுக்கிறார். நல்லூர்த் திருவிழா நாட்களில் விரதமும் இருப்பார். (சூரிச்)

அம்மாவின் விரதத்தை மதித்தே இதைச் சொல்கிறேன். முதுமையில் தாக உணர்வு மங்கிவிடும். உடலுக்கு நீர் வேண்டியிருக்கும்போதும் தாகம் எடுக்காது. இரத்த அழுத்த மாத்திரைகளில் சில, சிறுநீரைக் கூடுதலாகப் போக்குபவை. வேறு சில, நீர் குறைந்த உடலில் சிறுநீரகத்துக்குச் சுமையாகிவிடுபவை. இதனோடு நீரும் அருந்தாத விரதம் சேர்ந்தால், எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழுவதில் தொடங்கி மருத்துவமனைப் படுக்கையில் முடியும். அப்படி வந்த பாட்டிமாரை நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன். பாலும் பழமும் உட்கொண்டு விரதம் காப்பதும் நம் மரபுதான் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். இன்சுலின் எடுப்பவர் என்பதால் அந்த விரதத்தையும் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னதாக மாத்திரைப் பட்டியலையும் எடுத்துச் சென்று, வெப்ப நாட்களில் அளவை மாற்ற வேண்டுமா என்றும் அவரிடமே கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

இன்சுலினை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பொதுவாக 30 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்பதால், கடற்கரைப் பையில் துவாய்க்கு அடியில் கிடந்தால் கெட்டுவிடும். தண்ணீரில் நனைத்துப் பயன்படுத்தும் குளிர்ப்பைகள் மருந்தகங்களில் கிடைக்கின்றன. நம் மண்பானை எப்படிக் குளிர்கிறதோ அப்படியே அவையும் நீர் ஆவியாவதால் குளிர்கின்றன. ஐஸ்கட்டியோடு ஒட்டி வைத்தால் இன்சுலின் உறைந்து பயனற்றுப் போகும். வெப்பத்தில் தோலுக்கு இரத்த ஓட்டம் கூடுவதால் இன்சுலின் விரைவாக உறிஞ்சப்பட்டு, சர்க்கரை திடீரென்று இறங்கலாம். வழக்கத்தைவிட இரண்டு தடவை கூடுதலாகப் பரிசோதித்துப் பாருங்கள்.

கேள்வி: பிள்ளை வெயிலால் களைத்துப்போயிருக்கிறானா, அல்லது ஆபத்தான நிலையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (ஒஸ்லோ)

கிரீட் தீவில் என் மகனுக்கு நேர்ந்ததைச் சொன்னால் விளங்கும். அப்போது அவனுக்கு எட்டு வயது. பதினொரு மணி தாண்டியும் மணல்வீடு கட்டிக்கொண்டிருந்தவன், வாய் ஓயாமல் பேசுகிறவன், திடீரென்று மௌனமானான். வாளி கையிலேயே இருந்தது, ஆனால் மண்ணை அள்ளவில்லை. கையைத் தொட்டேன், அந்த வெயிலிலும் தோல் ஈரமாகச் சில்லென்று இருந்தது, மயிர் சிலிர்த்து நின்றது. தலையிடிக்கிறது, வயிற்றைப் புரட்டுகிறது என்றான். அது வெப்பச் சோர்வு. நிழலான உணவகத்துக்குள் தூக்கிச் சென்று, படுக்கவைத்துக் காலை உயர்த்தி, சட்டையைக் கழற்றி, நனைந்த துவாயால் கழுத்தையும் அக்குளையும் துடைத்து விசிறிக்கொண்டே, மிடறு மிடறாகத் தண்ணீர் கொடுத்தேன். இருபது நிமிடத்தில் உணவகத்துப் பூனையின் பெயரைக் கேட்டான். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

இவ்வளவும் செய்த பிறகு அரை மணி நேரத்தில் தெளிவு வராவிட்டால், அல்லது பேச்சு குழறினால், கேட்டதற்குத் தொடர்பில்லாத பதில் வந்தால், வலிப்பு வந்தால், உடல் அனலாகக் கொதித்தால் அது வெப்பத் தாக்கு, உயிராபத்து. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் அனைத்திலும், துருக்கியிலும், அழைக்க வேண்டிய எண் 112. அம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றிக் குளிரவையுங்கள். நினைவு தடுமாறியவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. பனடோல் கொடுப்பதில் பயனில்லை. கிருமியால் வரும் காய்ச்சலைத்தான் அது தணிக்கும், வெளி வெப்பத்தால் சூடேறிய உடலை அது தணிக்காது.

கேள்வி: கறுப்புத் தோலுக்குச் சன்ஸ்கிரீன் தேவையா? (டொரோண்டோவிலிருந்து கிரேக்கம் செல்பவர்)

தேவை. நம் தோலின் நிறமி ஓரளவு காக்கிறது, முழுமையாகக் காப்பதில்லை. மணலும் அலைநுரையும் கதிர்களைத் திருப்பி அனுப்புவதால் குடைக்குள் இருந்தாலும் தோல் கன்றும். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாததை இரண்டு மணிக்கு ஒருமுறையும், ஒவ்வொரு தடவை கடலிலிருந்து வந்த பிறகும் பூசுங்கள். பெரும்பாலானவர்கள் மிகக் குறைவாகவே பூசுகிறார்கள். ஒரு பெரியவருக்கு ஒரு தடவைக்கு ஆறு தேக்கரண்டி அளவு வேண்டும். நால்வர் குடும்பத்துக்கு 200 மில்லிலீட்டர் போத்தல் இரண்டு தடவைக்குத்தான் காணும். பிள்ளைகளுக்கு நீண்ட கையுள்ள நீச்சல் சட்டை அணிவித்தால் பூச வேண்டிய பரப்பும் குறையும், செலவும் குறையும். செருப்பில்லாமல் நடுப்பகல் மணலில் ஓடவிடாதீர்கள், பாதம் கொப்பளித்துவிடும்.

கேள்வி: பிள்ளைகள் தண்ணீர் குடிக்க மறுக்கிறார்கள். வேறு என்ன கொடுக்கலாம்? (பர்மிங்ஹாம்)

துருக்கியில் எந்தக் கடையிலும் அய்ரான் கிடைக்கும். தயிரும் தண்ணீரும் உப்பும் கலந்து கடைந்த அது, இஞ்சியும் கறிவேப்பிலையும் இல்லாத நம் மோர்தான். நீரையும் உப்பையும் ஒன்றாகத் தருவதால் வியர்த்த பிள்ளைக்கு அதைவிடப் பொருத்தமான பானம் எனக்குத் தெரியவில்லை. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மட்டும் அளவோடு குடிக்க வேண்டும். வத்தகப்பழம் எங்கும் மலிவு. வாந்தியோ வயிற்றோட்டமோ வந்தால், ஒரு லீட்டர் சுத்தமான நீரில் ஆறு மட்டமான தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

கேள்வி: நாங்கள் எடுத்த வீட்டில் குளிரூட்டி இல்லை. இரவில் எப்படித் தூங்குவது? (ரொட்டர்டாம்)

முடிந்தால் மாற்றிவிடுங்கள். கடலோரத்தில் பகலைவிட இரவுதான் பலரை வாட்டுகிறது; கடல்நீரே 28 டிகிரி வரை சூடாகியிருப்பதால், இரவுக் காற்று ஈரத்தோடு 26, 27-க்குக் கீழே இறங்காத நாட்கள் உண்டு. மாற்ற முடியாவிட்டால் வெயில் ஏறுமுன்பே பலகைச் சாளரங்களை மூடி, வெளியே உள்ளேயைவிடக் குளிர்ந்த பிறகே திறவுங்கள். நனைத்துப் பிழிந்த சாரத்தைப் போர்த்திக்கொண்டு மின்விசிறியின் கீழ் படுப்பது நல்ல பலன் தரும். ஆனால் அறையின் வெப்பம் 40-ஐத் தாண்டினால் விசிறி சூடான காற்றையே உடலில் வீசும். அப்போது அதை நம்பக்கூடாது.

கேள்வி: காட்டுத்தீ பற்றிய அச்சம் இருக்கிறது. என்ன முன்னேற்பாடு செய்யலாம்? (கோப்பன்ஹேகன்)

2023 ஜூலையில் ரோட்ஸ் தீவில் தீ பரவியபோது ஏறத்தாழ 19,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். சிலரைக் கடற்கரையிலிருந்தே படகில் ஏற்றினார்கள். பலரின் பயணப் பெட்டிகள் விடுதியிலேயே கிடந்தன. ஆகவே கடவுச்சீட்டு, மருந்து, மின்னேற்றி, தண்ணீர் ஆகியவற்றை எப்போதும் ஒரே சிறு பையில் வைத்து, கடற்கரைக்கும் எடுத்துச் செல்லுங்கள். கிரேக்கத்தில் 112 எச்சரிக்கைச் செய்தி ஆங்கிலத்திலும் கைபேசிக்கு வரும்; அந்த வசதியை அணைத்துவைக்காதீர்கள். வெளியேறச் சொன்னால் உடனே வெளியேறுங்கள்.

கேள்வி: இவ்வளவு சிரமம் என்றால் வேறு மாதத்தில் போகலாமா? (லெஸ்டர்)

பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் ஒக்டோபர் இடைவிடுமுறையில் சைப்ரஸ் செல்வதை நான் விரும்புவேன். அப்போதும் கடல்நீர் 24, 25 டிகிரியில் இருக்கும். பிள்ளைகள் நண்பகலிலும் வெளியே விளையாடலாம், பாட்டியும் கரையோரம் நடந்து வரலாம். மாலையில் முன்னதாகவே இருட்டத் தொடங்கிவிடும் என்பதால் அன்றாட வேலைகளை அதற்கேற்ப வைத்துக்கொண்டு, இரவுக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு மெல்லிய மேற்சட்டை எடுத்துச் செல்லுங்கள்.